புதுத் தட்டு, பழைய குரல்: 'டாப்டோன் கோல்ட்' எப்படி உருவானது?

[திரையில்: கருப்புப் பின்னணி. ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று சுழல்கிறது. ஊசி இறங்கும் கரகரப்பு மட்டும் கேட்கிறது.]

1990களின் நடுவில் நியூயார்க்கில் ஒரு இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. எழுபதுகளில் எடுக்கப்பட்ட ஒரு குங்ஃபூ படத்தின் பின்னணி இசை என்றும், இத்தனை காலம் தொலைந்து கிடந்து இப்போது மறுபதிப்பாக வருகிறது என்றும் அதற்கு ஒரு வரலாறு சொல்லப்பட்டது. படத்தின் பெயர் 'தி ரிவெஞ்ச் ஆஃப் மிஸ்டர் மோபோஜி'. ஃபங்க் என்ற கருப்பின அமெரிக்கத் தாள இசையின் பழைய தட்டுகளுக்காகக் கடைகடையாக ஏறி இறங்குகிறவர்கள் அதை வாங்கிப்போய்க் கேட்டார்கள். டிரம்ஸ், பேஸ் கிட்டார், டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற கொம்பு வாத்தியங்கள் எல்லாமே அசல் எழுபதுகள்.

அப்படி ஒரு படமே கிடையாது. அந்த இசை அப்போதுதான் பதிவு செய்யப்பட்டிருந்தது.

பொய்யைக் கிளப்பியவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கேப்ரியல் ராத், மற்றவர் பிலிப் லேமன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் டெஸ்கோ. எதற்காக இந்தப் பித்தலாட்டம்? ஃபங்க் இசையை உயிராக நேசித்தவர்கள் அன்று பழைய தட்டுகளை மட்டுமே மதித்தார்கள். புதிதாக ஒருவர் ஃபங்க் வாசித்திருக்கிறார் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே புதிய பண்டத்துக்குப் பழைய முத்திரை குத்த வேண்டியதாயிற்று.

[திரையில்: ஆல்பத்தின் பெயர், 2009 என்ற எண்ணுடன்.]

இன்றைய வீடியோ அந்தப் பொய்யிலிருந்து முளைத்த ஓர் உண்மையைப் பற்றியது. 'டாப்டோன் கோல்ட்' என்பது 2009இல் வந்த ஒரு தொகுப்பு ஆல்பம். டாப்டோன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் தன்னிடம் இருந்த பாடகர்களையும் குழுக்களையும் ஒரே தட்டில் வரிசைப்படுத்தி வெளியிட்டது. தேவாலயப் பாட்டான காஸ்பல், அதிலிருந்து பிறந்த சோல், ஃபங்க், நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் நான்கும் அதில் இருக்கின்றன. 'ரெட்ரோ', அதாவது பழைய பாணி, என்று எல்லோரும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நிறுவனத்தின் வீட்டைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: நியூயார்க் வரைபடம். புரூக்ளின், அதற்குள் புஷ்விக்.]

2000இல் டெஸ்கோ உடைந்தது. ராத், சாக்ஸபோன் கலைஞர் நீல் ஷுகர்மனோடு சேர்ந்து டாப்டோனைத் தொடங்கினார். புரூக்ளின் நகர்ப்பகுதியில் புஷ்விக் என்ற இடம். அங்கே ட்ரௌட்மன் தெருவில் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டைப் பிடித்தார்கள். கீழ்த்தளம் ஒலிப்பதிவுக் கூடம், மேல்தளம் அலுவலகம். ஒலி வெளியே போகாமல் இருக்கச் சுவருக்குள் பழைய துணிகளைத் திணித்தார்கள். அதிர்வைத் தாங்கப் பழைய டயர்களைப் பயன்படுத்தினார்கள். மின்கம்பி இழுக்கும் வேலையில் ஒரு பெண்ணும் கைகொடுத்தார். அவர்தான் அந்த நிறுவனத்தின் முதன்மைப் பாடகி, ஷரோன் ஜோன்ஸ். தான் பாடப்போகும் மைக்குக்குத் தானே மின்சாரம் கொண்டுவந்த பாடகி வேறு யாரும் இருக்கிறாரா, எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கூடத்தில் ஒலிப்பதிவு காந்த நாடாவில்தான் நடந்தது. எட்டுத் தடங்கள், அதாவது நாடாவில் இணையாக ஓடும் எட்டுத் தனித்தனி ஒலிக்கோடுகள். இங்கே சற்று நின்று போவோம். இந்த ஆல்பத்தின் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

[திரையில்: அகன்ற காந்த நாடாவின் வரைபடம். அதன்மேல் இணையாக எட்டுக் கோடுகள்.]

இன்றைக்குக் கணினியில் ஒரு பாட்டைப் பதிவு செய்தால் நூறு தடங்கள்கூட வைத்துக்கொள்ளலாம். டிரம்ஸுக்கு மட்டுமே பத்து, பன்னிரண்டு மைக் வைப்பார்கள். காலால் அடிக்கும் உதை டிரம்முக்கு ஒன்று, ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, சிம்பல் என்ற ஒவ்வொரு உலோகத் தாம்பாளத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில் விழும். எது சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை ஆறு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம்.

எட்டுத் தடம் என்றால் கதையே வேறு. மொத்த டிரம்ஸுக்கும் ஒரு தடம்தான் கிடைக்கும். ஆகவே ஒரு மைக், மிஞ்சினால் இரண்டு. பேஸுக்கு ஒன்று. கிட்டார்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். டிரம்பெட், டெனர் சாக்ஸ், பாரிடோன் சாக்ஸ் மூன்று பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வேண்டும். இப்போது டிரம்பெட் மட்டும் காதைப் பிளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று விட முடியாது, மூன்றும் ஒரே தடத்தில் கலந்துவிட்டன. அந்த நிமிடமே டிரம்பெட்காரரை "இரண்டு எட்டு பின்னால் போய் நில்லுங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான். காலால் செய்கிற மிக்ஸிங் என்று அதைச் சொல்லலாம்.

இன்னொன்று, கசிவு. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது டிரம்ஸின் சத்தம் கிட்டாரின் மைக்கிலும் கொஞ்சம் போய் விழும். கொம்புகளின் சத்தம் டிரம்ஸ் மைக்கில் விழும். பாடப்புத்தகப்படி இது குற்றம். ஆனால் ஒரே ஸ்னேர் அடி அருகில் இருந்து ஒருமுறையும், அறையின் மறுகோடியிலிருந்து மிக நுண்ணிய தாமதத்தோடு இன்னொரு முறையும் பதிவாகும்போதுதான் அங்கே ஓர் அறை இருக்கிறது என்பது காதுக்குத் தெரிகிறது. எதிரொலிக் கருவி போட்டு இதைப் போலி செய்யலாம், முழுசாக வராது. கசிவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒருவர் பிசகினால் அவர் பகுதியை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது, அவருடைய பிசகு எல்லோருடைய மைக்கிலும் இருக்கிறது. முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் வாசிக்கிறவர்கள் கவனமாக வாசிக்கிறார்கள்.

[ஒலி: முதலில் கணினிப் பதிவில் உடைந்த சத்தம். அடுத்து நாடாவில் அழுத்தப்பட்ட சத்தம்.]

மூன்றாவது சங்கதி நாடாவின் குணம். கணினியில் அளவு மீறிச் சத்தம் போனால் அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும், காதில் நாராசமாக விழும். நாடாவில் அப்படியில்லை. காந்தத் துகள்கள் தாங்கும் எல்லை நெருங்க நெருங்க அலையின் உச்சி மெல்ல உருண்டு வளையும். சத்தம் தடித்து, கொஞ்சம் வறுபட்டதுபோல் ஆகும். ஷரோன் ஜோன்ஸ் உச்சத்தில் குரலெடுக்கும் இடங்களில் ஒரு மெல்லிய கரகரப்பு ஓடுகிறதே, அதில் பாதி அவர் தொண்டை, பாதி இந்த நாடா.

ஆக, இந்த ஒலி மேலே பூசிய வண்ணம் கிடையாது. வேலை செய்கிற முறையே அப்படி. 1967இல் சோல் இசைக்குப் பேர்போன அமெரிக்க ஊரான மெம்ஃபிஸில் அப்படித்தான் வேலை செய்தார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. புஷ்விக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. அதை வேண்டாம் என்றார்கள்.

[திரையில்: ஒலிப்பதிவு அறையில் தனியாக நிற்கும் ஒரு மைக்.]

இனிப் பாடகர்கள். 1996இல் டெஸ்கோ நாட்களில் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் பதிவு ஒன்று நடந்தது. பின்னணிக் குரலுக்கு மூன்று பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஒருவர்தான். அவர் மூன்று குரலையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடிக் கொடுத்துவிட்டார். ராத்தும் லேமனும் அசந்துபோய், ஓர் ஆண் பாடுவதற்கென்று வைத்திருந்த பாட்டையும் அவரிடமே கொடுத்தார்கள். அதையும் பாடினார். அவர்தான் ஷரோன் ஜோன்ஸ். வயது 40.

அந்த வயதுவரை எங்கே இருந்தார்? ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் 1956இல் பிறந்தவர். சிறுமியாக நியூயார்க்குக்கு வந்தார். தேவாலயத்தில் பாடினார், கல்யாண வீடுகளில் பாடினார். பிழைப்புக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலை, பிறகு வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் காவல் வேலை. இசை நிறுவனங்களின் கதவைத் தட்டாமல் இல்லை. நிறம் அதிகக் கருப்பு, உடல் பருமன், உயரம் போதாது, வயதும் ஆகிவிட்டது என்று ஒரு நிறுவனத்து ஆள் முகத்துக்கு நேரே சொன்னதைப் பேட்டிகளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். குரலில் குறை இருப்பதாக அந்த ஆள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டாப்-கிங்ஸ் என்ற குழு அவருக்குப் பின்னால் நின்றது. 2002இல் முதல் ஆல்பம் வந்தது. 2005இல் வந்த 'நேச்சுரலி' ஆல்பத்தில் அதே லீ ஃபீல்ட்ஸும் அவரும் சேர்ந்து பாடிய ஒரு ஜோடிப் பாட்டு உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குப் பின்னால் மூன்று குரலாக நின்றவர் இப்போது பக்கத்தில் நின்று சரிக்குச் சரியாக வம்பளக்கிறார். ஆணும் பெண்ணும் வாசற்படியில் நின்று பேசுவதுபோலவே தொடங்கி, பேச்சு எப்போது பாட்டானது என்று தெரியாமல் நழுவும். சோல் பாடகர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி.

ரெட்ரோ என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் வழக்கு இதுதான். வாத்தியக்காரர்களில் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த இசையை அவர்கள் தேடிப்போனார்கள். அவர்களை ரெட்ரோ என்றால் பொருந்தும். ஷரோன் ஜோன்ஸ் எங்கே தேடிப்போனார்? அவர் சிறுமியாக இருந்தபோது ரேடியோவில் ஓடிய இசை அது. லீ ஃபீல்ட்ஸ் 1969 முதலே தட்டு வெளியிட்டவர். இவர்கள் எழுபதுகளுக்குத் திரும்பவில்லை. எழுபதுகளில் கிடைக்க வேண்டிய மைக் முப்பது ஆண்டு தாமதமாகக் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

[திரையில்: 2006, 2008 என்ற இரண்டு எண்கள்.]

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. தயாரிப்பாளர் மார்க் ரான்சன் இந்த ஒலியைக் கேட்டுவிட்டு டாப்-கிங்ஸ் வாத்தியக்காரர்களை அழைத்தார். பாடகி ஏமி வைன்ஹவுஸின் 2006 ஆல்பமான 'பேக் டு பிளாக்'கில் 'ரீஹாப்' உட்படப் பல பாட்டுகளில் வாசித்திருப்பது அவர்கள்தான். 2008 கிராமி விழாவில் வைன்ஹவுஸுக்கு ஐந்து விருதுகள். உலகம் முழுக்க அந்த டிரம்ஸ் ஒலித்தது. அதே டிரம்ஸுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் பாடிக்கொண்டிருந்த ஷரோன் ஜோன்ஸுக்கு முதல் கிராமி பரிந்துரை வந்ததோ 2014 டிசம்பரில். வைன்ஹவுஸைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர் அபூர்வமான பாடகி. ஆனால் மேலே சொன்ன அந்த நிறுவனத்து ஆளின் பட்டியல் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது என்று நான் நினைத்தால் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ள முடியாது.

[ஒலி: கைதட்டலும் ஆர்கனும்.]

காஸ்பல் பக்கம் வருவோம். கருப்பினத் தேவாலயங்களின் துதிப்பாடல் இசை அது. ஒருவர் ஒரு வரியை எறிவார், கூட்டம் அதைப் பிடித்துத் திருப்பி எறியும். சோல் இசை இதன் வயிற்றில் பிறந்த பிள்ளை. 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு காஸ்பல் பாட்டின் மெட்டில் இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார். பக்தர்கள் கொதித்தார்கள், இளசுகள் ஆடினார்கள். பெரும்பாலான சோல் பாடகர்கள் தேவாலயத்திலிருந்து கிளப்புக்கு நடந்தவர்கள்.

நவோமி ஷெல்டன் அந்தப் பாதையில் இரு திசையிலும் நடந்தவர். அலபாமாவில் பிறந்து, தேவாலயத்தில் பாடி, அறுபதுகளில் புரூக்ளின் கிளப்பில் சோல் பாடி, மறுபடியும் காஸ்பலுக்கு வந்தார். கிளிஃப் டிரைவர் என்ற பெயருடைய கண்பார்வையற்ற கலைஞர் கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தினார். ஷெல்டனின் முதல் ஆல்பம் வந்தது 2009இல், இந்தத் தொகுப்பு வந்த அதே ஆண்டில். அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். சரளைக்கல்லில் வண்டி ஏறுவதுபோல் ஒரு கட்டைக்குரல். "சகோதரா, என்ன காரியம் செய்துவிட்டாய்" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நாமோ என்று தோன்றும்.

காஸ்பலுக்காக டாப்டோன் இன்னும் ஒரு வேலை செய்தது. 2006இல் மிசிசிப்பி மாநிலத்தின் கோமோ என்ற சிற்றூருக்குப் போய், பாட விரும்புகிறவர்கள் எல்லோரும் வரலாம் என்று உள்ளூரில் விளம்பரம் கொடுத்து, ஒரு தேவாலயத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். வாத்தியமே கிடையாது. குரல், கை, கால். 2008இல் அது தனி ஆல்பமாக வந்தது. விற்காது என்று தெரிந்தே செய்த காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு அந்தத் தட்டுதான் இந்த நிறுவனத்தின் ஆகச் சிறந்தது.

[திரையில்: அட்லான்டிக் பெருங்கடல். லாகோஸிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கோடு.]

இப்போது கேள்வி ஒன்று எழும். தேவாலயமும் புரூக்ளினும் சரி, நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் இங்கே எப்படி வந்தது?

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடமிருந்து தொடங்க வேண்டும். ஃபங்க் இசைக்கு அவர் செய்தது ஒரு சின்ன நகர்த்தல். இரண்டாவது, நான்காவது அடிகளில் விழுந்துகொண்டிருந்த அழுத்தத்தை எடுத்து முதல் அடியில் போட்டார். நம் கச்சேரிப் பேச்சில் சொன்னால் சமத்தில் ஓங்கி ஒரு அடி. அதன் பிறகு கிட்டார், கொம்பு எல்லாமே மெட்டை விட்டுவிட்டுத் தாள வாத்தியங்களாக மாறின. ஆளுக்கு ஒரு துண்டு. துண்டுகள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று பொருந்திப் பாட்டு நகரும்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஃபெலா குட்டி இருந்தார். லண்டனில் டிரம்பெட் படித்தவர், ஜாஸும் மேற்கு ஆப்பிரிக்க நடன இசையான ஹைலைஃப்பும் வாசித்துக்கொண்டிருந்தவர். 1969இல் அமெரிக்கா போய்வந்தபின் அவர் இசை மாறியது. டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் ஆஃப்ரோபீட். ஃபங்கின் பொருந்தும் துண்டுகள், நைஜீரியாவின் யொரூபா மக்களின் தாளம், ஒரு பெரிய கொம்புப் படை, கால் மணி நேரம் ஓடும் பாட்டு, அரசாங்கத்தை நேருக்கு நேர் கிழிக்கும் வரிகள். அந்த வரிகளுக்கு விலை 1977இல் வந்தது. ராணுவம் அவர் வீட்டுக்குள் புகுந்து எரித்தது. அவர் தாயார் அதில் படுகாயமடைந்து மறு ஆண்டு இறந்தார்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 1970இல் ஜேம்ஸ் பிரவுனின் குழு நைஜீரியாவுக்குப் போனபோது குழுவினர் ஃபெலாவின் கிளப்புக்கே போய் உட்கார்ந்து கேட்டார்கள்.

புரூக்ளினில் 1998இல் தொடங்கிய ஆன்டிபாலாஸ் அந்த ஆஃப்ரோபீட்டைக் கையில் எடுத்த குழு. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் குண்டு துளைக்காதது என்று பொருள். தொடக்க நாட்களில் ராத்தும் அதில் வாசித்தார். ஆன்டிபாலாஸில் வாசிக்கிறவர் மறுநாள் டாப்-கிங்ஸில் வாசிப்பார். ஃபெலாவின் வாழ்க்கையைச் சொல்லி, நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நடந்த இசை நாடகத்துக்கு 2009இல் மேடையில் வாசித்ததும் இவர்கள்தான். ஸ்டாட்டன் தீவிலிருந்து வந்த பூடோஸ் பேண்ட் இன்னொரு வகை. குரல் கிடையாது, ஆஃப்ரோபீட்டை நறுக்கி மூன்று நான்கு நிமிடமாக்கி, கொம்புகளை இருட்டில் நடக்கவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் தொகுப்பில் அவர்களுடைய பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால் எது எது என்று பிரித்தறிவது எனக்குக் கஷ்டம்.

மெனஹன் ஸ்ட்ரீட் பேண்ட் பற்றி ஒரு வரி. கிட்டார் கலைஞர் தாமஸ் பிரெனெக் தான் குடியிருந்த தெருவின் பெயரையே குழுவுக்கு வைத்தார். குடியிருந்த வீட்டிலேயே பதிவு செய்த அவர்களுடைய கொம்பு இசையை 2007இல் ஜே-ஸீ எடுத்துத் தன் ராப் பாட்டுக்கு அடித்தளமாக்கினார். புதிதாகப் பதிவான ஒன்று, பழைய தட்டிலிருந்து வெட்டியெடுத்ததுபோல் ஹிப்ஹாப்புக்குப் பயன்பட்டது. இந்த முறை யாரும் குங்ஃபூ படக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

[திரையில்: ஹார்லெமின் அப்போலோ அரங்கின் முகப்பு.]

கடைசியாக சார்ல்ஸ் பிராட்லி. 1962இல் அக்கா அவரை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்போலோ அரங்குக்கு அழைத்துப்போய் ஜேம்ஸ் பிரவுனைக் காட்டினார். பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்து துடைப்பக் கட்டையில் கயிறு கட்டி மைக்காக்கிப் பயிற்சி செய்தான் என்பது அவரே சொன்ன கதை. பிறகு வீட்டை விட்டு ஓடிச் சுரங்க ரயிலில் தூங்கினார். சமையல்காரராகப் பல ஊர்களில் பல ஆண்டுகள் உழைத்தார். நியூயார்க் திரும்பி 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் கிளப்புகளில் ஜேம்ஸ் பிரவுனைப் போலவே விக் வைத்து, அங்கி போட்டு ஆடிப்பாடினார். ராத் அவரை அங்கேதான் கண்டார். சொந்தக் குரலில் சில சிறு தட்டுகள் வந்தன. 2009இல் இந்தத் தொகுப்பு வந்தபோது அவர் பெயரில் ஓர் ஆல்பம்கூட இல்லை. முதல் ஆல்பம் 2011இல் வந்தது. வயது 62.

2013இல் ஷரோன் ஜோன்ஸுக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கிடையே 2014இல் மொட்டைத் தலையோடு மேடையேறினார், விக் வேண்டாம் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் டாப்டோன் குடும்பம் முழுவதும் அப்போலோவில் மூன்று இரவுகள் பாடியது. சார்ல்ஸ் பிராட்லியும் பாடினார், 52 ஆண்டுகளுக்கு முன் தான் கீழே நின்று பார்த்த அதே மேடையில்.

ஷரோன் ஜோன்ஸ் 2016 நவம்பரில் இறந்தார். பிராட்லி 2017 செப்டம்பரில், நவோமி ஷெல்டன் 2021 பிப்ரவரியில். அப்போலோவில் நடந்த அந்த நிகழ்ச்சியின் பதிவு தட்டாக வெளிவந்தது 2021இல்.

[ஒலி: ஓர் அரங்கின் கைதட்டல். அறிவிப்பாளரின் குரல் எழத் தொடங்கும்போது திரை இருள்கிறது.]